எட்டுப் புள்ளி இரண்டு

வடவாற்றங்கரை நூற்றுப் பதினேழாம் எண் வாகைக்கு
வெளியே ஒரு குறையும் இல்லை.
சித்திரையில் பூத்தது. மாசியில் நெற்று குலுங்கியது.
கரையோர மாடுகள் அதன் நிழலில்தான் படுத்தன.
கஜாவில் ஒரு கிளை போன இடம் மட்டும்
மூடாத வாய்.
அதிலிருந்து பட்டை வழியே ஒரு கசிவு.
காய்ந்த இடத்தில் உப்புப் பூத்திருந்தது,
சொட்டிய இடத்தில் அறுகுகூட இல்லை.

"பால் வடியுது" என்றார் நத்தர்ஷா,
ஏலத்துக்கு முன் பார்க்க வந்தவர்.
"சீழு" என்றார் அவர் பட்டறையில்
ரம்பம் ஓட்டும் வைரக்கண்ணு.
நான் வாய் திறக்கவில்லை.
எனக்கு மாதம் பதினோராயிரம், ஒப்பந்தத்தில்,
பெயர் வைப்பதற்கில்லை, அளப்பதற்கு.

நெஞ்சுயரத்தில் துளைக்கோலை வைத்துத் திருகினேன்.
வெள்ளை தாண்டியது. வைரம் தொட்டது.
அங்கே சீறியது,
சோடா புட்டி திறந்தாற்போல், ஆனால் நிற்காமல்.
பீடிக்குக் கிழித்த குச்சியை
விளையாட்டாய்த் துளையருகே காட்டினார் வைரக்கண்ணு.
விரல் நீளத்துக்கு ஒரு நீல நாக்கு.
உச்சி வெயிலில் அது இருந்ததா என்பதே சந்தேகம்;
அவர் புருவம் பொசுங்கியதால் நம்பினோம்.

பிறகு தண்ணீர் வந்து அணைத்தது.
தண்ணீர் என்றா சொன்னேன்?
உருக்க மறந்த வெண்ணெயை அடுக்களையில் விட்டுவிட்டு
பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பிய வீடு.

நல்ல வாகை உள்ளுக்குள் லேசாய்ப் புளிக்கும்.
சிவப்புத் தாள் அதில் சிவப்பாகவே இருக்கும்.
இதில் நனைத்ததும் நீலம் ஏறிற்று,
சட்டைப் பையில் பேனா கசிகிற வேகத்தில்.
மூக்குக்குப் புளிப்பு. தாளுக்குக் காரம்.
இரண்டும் பொய் சொல்லவில்லை.
காற்றுப் புகாத இருட்டில் குடியேறியவை
மரத்தைத் தின்பதில்லை;
நாரையும் நாரையும் பிடித்து வைத்திருக்கும்
பசையைத்தான் தின்கின்றன.
மரம் நிற்கும்.
ஒன்றாக நிற்பது போல நிற்கும்.

கருவி சொன்னது: எட்டுப் புள்ளி இரண்டு.

ரேஞ்சர் ஆபீஸ் படிவத்தில் மூன்று கட்டம்.
உயரம். சுற்றளவு. நிலை.
நிலைக்கு நேரே இரண்டே சொல்:
நல்லது, பட்டது. ஒன்றை அடிக்க வேண்டும்.
பட்டது என்றால் செத்தது; விறகு விலை.
இதுவோ தலை நிறையத் தளிர் வைத்திருக்கிறது.
எண் எழுத இடமில்லை. நாற்றம் எழுத இடமில்லை.
ஜீப் ஓடிக்கொண்டிருந்தது.
பட்டதை அடித்தேன்.
எட்டுப் புள்ளி இரண்டைப்
புறங்கையில் எழுதினேன்; மாலை குளித்தபோது போயிற்று.

ஐப்பசி அடைமழை. நீடாமங்கலத்தில்
நாத்தனார் செங்கமலம் கட்டிய புது வீடு.
"எலி எங்கியோ செத்துக் கெடக்கு அண்ணி,
எங்கன்னுதான் தெரியல."
பரணை இறக்கியிருந்தார்கள்.
அரிசி மூட்டையை மூன்று தரம் நகர்த்தியாயிற்று.
சாம்பிராணி. பினாயில்.
சாக்கடையைச் சொல்லிப் பக்கத்து வீட்டோடு பேச்சும் நின்றுபோயிற்று.
மழை விட்டால் குறையுதாம், பிடித்தால் கூடுதாம்.

நான் உள்ளே போகவே வேண்டியிருக்கவில்லை.
வாசலில், மஞ்சளும் குங்குமமும் வைத்து,
ஆறடி வாகை நிலை.
நீளவாட்டில் உள்வெடிப்பு; தச்சர்
மெழுகும் மரத்தூளும் பிசைந்து அடைத்திருக்கிறார்.
"நத்தர்ஷா பட்டறையில சல்லிசா வந்திச்சு,
சர்க்கார் சீட்டோட" என்றாள்,
அதன் மேல் சாய்ந்துகொண்டு.

கைப்பையில் தாள்கூட இருந்தது.
ஒரு துண்டு. மழையில் நனைந்த வெடிப்பில்
வைத்து எடுக்க ஒரு நொடி.

பைக்கு ஜிப் போட்டேன்.
"பீரோவுக்குப் பின்னாடி பாத்தீங்களா?" என்றேன்.
ஆளுக்கொரு பக்கம் பிடித்து
நகர்த்தினோம்.